கிளித்தட்டும் தொடு றக்பியும்



சென்ற ஆண்டு எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், முட்டை வடிவப் பந்தொன்றைக் கையில் ஏந்தியவராய் என் அலுவலக அறைக்குள் நுழைந்தார். மாணவருக்குத் தொடு றக்பி பயிற்றுவிக்க அனுமதி வேண்டும் என்றார். எனக்குச் சிறிது அச்சந்தான். றக்பி என்றதும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நிலத்தில் வீழ்த்தும் காட்சியே என் மனக்கண்முன் தோன்றியது. எங்கள் மைதானமோ கல்லும் செம்மண்ணுமாய்க் கிடப்பது. விழுந்தவன் முழங்காலைப் பெற்றோருக்குக் காட்டி மறுமொழி சொல்ல வேண்டியவன் அதிபர். “இதில் எவரையும் வீழ்த்துவதில்லை, சேர், கையால் தொட்டால் போதும்” என்றார் ஆசிரியர். பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஓரணியாய் நின்று ஆடலாம் என்றும் சொன்னார். அனுமதித்தேன்.

அன்று மாலை மைதானத்தின் ஓரத்தில் அவர் விதிகளை விளக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் பாடசாலைக் காவலாளி என் அருகில் வந்து நின்றார். எழுபதை அண்மிய வயதினர். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஐயா, இது எங்கட தாச்சிதானே? பந்து மட்டும் புதிசு” என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வசனமே இன்றைய என் பேச்சுக்கு வித்து.

தொடு றக்பியின் வரலாறு நீண்டதன்று. அவுஸ்திரேலியாவின் தென் சிட்னிப் பகுதியில், 1960களில், றக்பி ஆடுவோர் பயிற்சிக்காகவும் பொழுதுபோக்காகவும் ஆடிய ஆட்டம் அது. பின்னர் அதற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 1985 இல் அனைத்துலகச் சம்மேளனம் ஒன்று தோன்றியது. 1988 இல் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. மைதானம் 70 மீற்றர் நீளமும் 50 மீற்றர் அகலமும் உடையது. ஒரு வேளையில் களத்தில் நிற்போர் அணிக்கு அறுவர். பந்தை முன்னோக்கி எறியலாகாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோ கொடுத்தவாறே எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து, பந்தை நிலத்தில் வைத்தால் ஒரு புள்ளி. பந்து வைத்திருப்பவரை எதிரணியினர் தொட்டால், அவர் தொடப்பட்ட இடத்திலேயே நின்று, பந்தை நிலத்தில் வைத்து, அதன்மேலாகக் கடந்து செல்ல வேண்டும். பின்னால் நிற்கும் தோழர் அதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். மறிக்கும் அணி 7 மீற்றர் பின்வாங்கி நிற்க வேண்டும். இவ்வாறு ஆறு முறை தொடப்பட்டால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். பந்து கைதவறி நிலத்தில் விழுந்தாலும் அவ்வாறே. தொடுகை மென்மையாக இருக்க வேண்டும். தொடுவதென்ற பெயரில் தள்ளினால் தண்டனை உண்டு. உடலைத் தொட்டாலும் தொடுகை, சட்டையின் நுனியைத் தொட்டாலும் தொடுகை, கூந்தலைத் தொட்டாலும் தொடுகையே. பின்னலைப் பின்னே தொங்கவிட்டு ஓடும் எங்கள் பெண்பிள்ளைகள் இந்தக் கடைசி விதியைக் கேட்டு மிகவும் முறைப்பட்டார்கள்!

இனி, காவலாளி சொன்ன தாச்சிக்கு வருவோம். தாச்சி என்றும், தாச்சி மறித்தல் என்றும், கிளித்தட்டு என்றும் வழங்கும் இவ்விளையாட்டைக் குடாநாட்டில் என் வயதொத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இளையோருக்காகச் சொல்கிறேன். தை, மாசியில் நெல் அரிந்து முடிந்த வயல்வெளியில், மண்வெட்டியாற் கீறியோ சாம்பலைத் தூவியோ கோடுகள் இடுவோம். அணிக்கு அறுவர் என்றால் குறுக்குக் கோடுகள் ஆறு. அவற்றை நடுவே பிளந்துகொண்டு நெடுக்காக ஒரு கோடு. ஆக, வரிசைக்கு இரண்டாக ஐந்து வரிசையில் பத்துத் தட்டுகள். மறிக்கும் அணியின் தலைவரே கிளி. முதற்கோடும் நெடுங்கோடும் கிளிக்குரியவை. ஏனைய ஐவரும் தத்தம் குறுக்குக் கோட்டை விட்டு அகலாமல் மறிக்க வேண்டும். எதிரணியினர் தட்டுத் தட்டாய் இறங்கி, கடைசிக் கோட்டையும் கடந்து, மீண்டும் அதே வழியால் ஏறித் தொடக்க இடத்துக்கு வந்துசேர வேண்டும். அவ்வாறு வந்தவர் “பழம்!” என்று கூவுவார். அந்தக் கூவல் அயற்குறிச்சிக்கும் கேட்கும்.

தட்டின் அளவிலே ஒரு நுட்பம் உண்டு. முன்னும் பின்னும் நிற்கும் மறிப்பாளர் இருவரும் கையை எட்டி வீசினாலும், நடுவில் நிற்பவர்மேற் படாத அளவுக்குத் தட்டு ஆழமாய் இருக்க வேண்டும். குறைந்தால் ஆட்டம் உடனே முடிந்துவிடும்; கூடினால் முடியவே முடியாது. நாங்கள் ஏறக்குறைய 10 அடி வைப்போம். அங்கே நின்று மூச்சு வாங்கலாம் என்று எண்ணும்போதுதான் நெடுங்கோட்டால் கிளி பறந்து வரும். கிளிக்கு அஞ்சி ஓரத்துக்கு ஒதுங்கினால் கடக்கும் வழி குறுகும். வழியைத் தேடி நடுவுக்கு வந்தால் கிளியின் கை எட்டும். விளையாட்டின் உயிர் இந்த இக்கட்டிலேதான் இருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரியது என்று பெருமை கொள்வதற்கில்லை. மகாராட்டிரத்தில் இதனை ஆட்யா-பாட்யா என்பர். அங்கும் நெடுக்கே ஓடும் நடுக்கோட்டுக்குத் தனிக் காவலர் உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகளிற் பாட்டின்தெரோ, மலேசியாவிற் காலா பாஞ்சாங், இந்தோனேசியாவில் கோபாக் சோடோர். இந்தோனேசியாவில் இதற்குள்ள இன்னொரு பெயரில் ‘உவர்ப்பு’ என்னும் பொருள்படும் சொல் வருகிறது. தமிழகத்தின் சில பகுதிகளிலோ இவ்வினத்து ஆட்டத்தை உப்புக்கோடு என்கிறார்கள். கடல் கடந்து உப்பு எப்படி ஒட்டிக்கொண்டதோ! மொழியாராய்ச்சி செய்வோர் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சொல்ல விரும்புவது விதியைப் பற்றியது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வலிகாமம் வடக்கிலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தனர். நான் அப்போது தொண்டராசிரியர். பல ஊர்ப் பிள்ளைகள் ஒரு கூரையின் கீழ்ச் சேர்ந்த வகுப்பு எனக்கு வாய்த்தது. மாலையில் அவர்களைத் தாச்சிக்கு இறக்கினேன். கால் மணிநேரம் நின்றுபிடிக்கவில்லை, சண்டை மூண்டது. ஓரூர்ப் பிள்ளைகளின் விதிப்படி கிளி சுற்றுக்கோட்டாலும் ஓடலாம்; மற்றோர் ஊராருக்கு அது பெருங்குற்றம். ஓரூரில் பட்டவர் மட்டும் வெளியேறுவார். என் ஊரில் ஒருவர் பட்டால் அணி முழுவதும் பட்டது, உடனே மறிக்கப் போக வேண்டும். “எங்கட ஊரிலை இப்பிடித்தான்” என்று ஒவ்வொருவனும் கண்ணீர் மல்கக் கத்தினான். வீடும் கிணறும் முற்றமும் கைவிட்டுப் போன பிள்ளைகளிடம் எஞ்சியிருந்தது அந்த ஊர்விதி ஒன்றே என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. நான் என் ஊர்விதியையே சரியென்று தீர்த்து, மற்றவர்களை அதட்டி அடக்கினேன். மறுநாள் விளையாட வந்தோர் தொகை பாதியாயிற்று. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்தப் பாதியும் எங்கெங்கோ சிதறிப்போயிற்று.

இன்னுமொரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலையொன்றில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடந்த தாச்சிப் போட்டிக்கு நானே நடுவன். கடைசி மாணவன் ஏறி வருகிறான். அவன் “பழம்” சொன்னால் அவனது அணிக்கே வெற்றி. மூன்றாம் கோட்டில் மறிப்பாளனின் விரல் அவன் முதுகுச் சட்டையை உரசியிருக்கிறது. நான் காணவில்லை, உரசியவனுக்கும் நிச்சயமில்லை. அந்தப் பிள்ளை தானாகவே நின்று, “எனக்குப் பட்டிட்டுது, சேர்” என்றான். தோல்வி. நான் அவனைக் காலைக்கூட்டத்தில் மேடையேற்றிப் பாராட்டினேன். அவனது அணியினரோ ஒரு கிழமை அவனோடு பேசவில்லையாம். அடுத்த போட்டியில் அவன் தோளில் கை விழுந்ததை நான் என் கண்ணாற் கண்டேன். அவன் நிற்கவில்லை. நான் விசிலை ஊதியபோது, “படேல்லை, சேர்” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

பிள்ளையின் குணம் கெட்டுவிட்டது என்றே நெடுங்காலம் வருந்தினேன். புதிய ஆசிரியரின் தொடு றக்பியைப் பார்த்த பின்னர், குறையிற் பாதி எங்கள் விதியிலும் இருந்ததோ என்ற ஐயம் எழுந்துள்ளது. அங்கே ஒரு தொடுகைக்கு இழப்பது ஆறில் ஒன்று. தொடப்பட்ட பிள்ளை நின்று, பந்தை வைத்துவிட்டுச் சிரித்தபடி பின்னே போகிறாள். நடுவர் இல்லாத பொழுதுபோக்கு ஆட்டத்திலும் “தொட்டாய்” என்றால் மறுப்பவர் மிகச் சிலரே. எங்கள் ஊர்விதியிலோ ஒரு விரல் நுனிக்கு ஆறு பேரின் உழைப்பு முழுவதும் விலை. பத்து வயதுப் பாலகனிடம் அத்தனை பெரிய விலையைக் கேட்டுவிட்டு, அவன் உண்மை பேசவில்லையே என்று மனம் நோவது நீதியாகுமா?

அதற்காகக் கிளித்தட்டு தாழ்ந்தது, றக்பி உயர்ந்தது என்று நான் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். கோட்டில் நிற்பவனின் பொறுமையும், தட்டில் நிற்பவனின் சமயம் பார்க்கும் கூர்மையும் பந்தாட்டத்திற் கிட்டாதவை. பந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு மண்வெட்டி போதும். பிற்பகல் வேளைகளைத் தனியார் கல்வி நிலையங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட எங்கள் பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்தில் உடல் வியர்க்கச் செய்யும் ஆட்டம் இதைவிட வேறில்லை.

ஆகவே ஒரு சோதனை செய்தோம். ஆட்டம் தொடங்குமுன் இரு அணித் தலைவரும் விதிகளை உரக்கச் சொல்லி உடன்பட வேண்டும்: கிளிக்குச் சுற்றுக்கோடு உண்டா, இல்லையா, மறிப்பவரின் கால் கோட்டை விட்டு விலகினால் அந்தத் தொடுகை செல்லுமா, செல்லாதா. தொடுகையோ மூன்று. முதலிரண்டு தொடுகைக்கும் பட்டவர் மட்டும் தொடக்கக் கோட்டுக்கு மீள வேண்டும். மூன்றாவதற்கே அணி முழுவதும் மறிக்கப் போகும். அணிகளும் கலப்பு அணிகள். முதன்முதற் கிளியாய் நின்றவள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளைக் கடந்து அன்று ஒரு பழமும் விழவில்லை.

காவலாளிக்கு இந்த மூன்று பிடிக்கவில்லை. “மூண்டு தரம் மன்னிச்சால் கிளிக்கு என்ன ஐயா மரியாதை?” என்று கேட்டார். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு கிழமை மைதானப் பக்கமே வரவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஆட்டம் உச்சத்தில் இருக்கையில், வேலிக்கரையிலிருந்து “ரண்டு!” என்று ஒரு குரல் எழுந்தது. நான் எண்ணத் தவறிய தொடுகையை அவர் எண்ணியிருந்தார். பட்ட பையன் திரும்பி அவரைப் பார்த்தான். பின்னர் என்னைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுத் தொடக்கக் கோட்டுக்கு நடந்தான்.