சேர்த்தால் போதுமா? தேற விடுங்கள்!



நம் கல்லூரிகள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. அதை நான் மறுக்க வரவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 32-ஆவது பிரிவில், அரசுக் கல்லூரியும் அரசு உதவி பெறும் கல்லூரியும் நூற்றுக்கு 5 இடத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்கிறது. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் தருகிறது. நல்லது. ஆனால் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் 3 ஆண்டு கழித்துப் பட்டம் வாங்கினார்கள்? எத்தனை பேர் அரியரைச் சுமந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்? இந்தக் கணக்கைத் தன் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்திருக்கும் முதல்வர் யாராவது இங்கே இருந்தால் கையைத் தூக்கட்டும். என் கழுத்தில் போட்ட இந்த மாலையை அவருக்குப் போட்டுவிட்டு நான் இறங்கிவிடுகிறேன்.

பந்தியில் இலை போட்டு உட்காரவைத்துவிட்டுப் பரிமாறாமல் போகிறவனை ஊர் என்ன சொல்லும்? அதையே ஒரு பல்கலைக்கழகம் செய்தால் மட்டும் 'விதிமுறை' என்று பெயரா?

தோழர்களே, இந்தப் பிள்ளைகளை மடக்குவது பெரும்பாலும் பாடம் இல்லை. பாடத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் வேலி. மொழித்தாள் ஒரு வேலி. 75 சதவீத வருகைப் பதிவு ஒரு வேலி. ரெக்கார்டு நோட்டு, பிராக்டிகல், வைவா, களப்பணி என்று வரிசையாக வேலி.

காது கேளாத ஒரு பையன் பி.காம். படிக்கிறான் என்று வையுங்கள். கணக்குப் பதிவியலில் எண்பது வாங்குகிறான். ஆனால் பார்ட் ஒன் ஒரு மொழி, பார்ட் டூ இன்னொரு மொழி. பிறந்தது முதல் ஒரு சொல்லைக் காதால் கேட்டறியாதவன், சைகை மொழியில் சிந்திக்கிறவன், இரண்டு மொழியில் கட்டுரை எழுதித் தேற வேண்டும். உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது: பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தக்க மாற்றம் செய், கூடுதல் நேரம் கொடு, சொல்லச் சொல்ல எழுதித்தரும் ஸ்கிரைப் கொடு, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கொடு என்கிறது. பள்ளிப் பொதுத் தேர்வில் காது கேளாதவர்களுக்கு ஒரு மொழித்தாளில் விலக்குத் தரும் வழக்கம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அதே பிள்ளை கல்லூரிக்கு வந்ததும், "எங்கள் ரெகுலேஷனில் அப்படி இல்லையே" என்று கைவிரிக்கும் அலுவலகத்தைக் கேட்கிறேன்: பிளஸ் டூ பாஸ் ஆனதும் அவனுக்குக் காது கேட்டுவிட்டதா?

வருகைப் பதிவுக்கு வருகிறேன். இந்த உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைக் குறைபாட்டில் தலசீமியா உண்டு, ஹீமோபிலியா உண்டு, சிக்கிள் செல் நோய் உண்டு. கடும் தலசீமியா உள்ள ஒரு பெண் சில வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டால்தான் உயிரோடு இருப்பாள். அந்த நாளில் அவள் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்'. செமஸ்டர் முடிவில், வருகைக் குறைவை மன்னிக்கும் கண்டோனேஷன் கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட். ரத்தம் ஏற்றிக்கொண்டதற்கா அபராதம்?

தேர்வு அறைக்கு வாருங்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பார்வையற்ற ஒரு மாணவர், இளங்கலைக் கணிதம். பக்கத்தில் ஸ்கிரைப், பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். சொந்தமாக அழைத்து வரும் ஸ்கிரைப் தேர்வு எழுதுபவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. "இன்டக்ரல் போடும்மா, கீழே ஜீரோ, மேலே பை" என்கிறார் அவர். அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி விழிக்கிறாள். "அண்ணா, இன்டக்ரல்னா எப்படி இருக்கும்?" அவர் விரலால் மேசை மேல் அந்தக் குறியை வரைந்து காட்டுகிறார். நீட்டி இழுத்த 'எஸ்' மாதிரி. அவள் போடுகிறாள். அடுத்த வரியில் தீட்டா வருகிறது. மறுபடியும் மேசை, மறுபடியும் விரல். கணக்கு தெரிந்தவர் சொல்கிறார், கணக்கு தெரியாதவர் எழுதுகிறார், தாளைத் திருத்துகிறவர் மார்க் போடுகிறார். அந்த மார்க் யாருடையது? அவர் கணக்குக்கா, அவள் எழுத்துக்கா?

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொன்னது? ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம். 3 மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். ஸ்கிரைப்பைத் தேர்வுக்கு 2 நாள் முன்பே பார்த்துப் பேசிக்கொள்ள வாய்ப்பு. பிரெய்லியில் எழுதலாம், கணினியில் எழுதலாம், பெரிய எழுத்து வினாத்தாள் கேட்கலாம், விடையைப் பேசிப் பதிவு செய்து கொடுக்கக்கூடச் செய்யலாம். இவ்வளவும் அப்போதே காகிதத்தில் ஏறியது. ஆனால் தேர்வுக்கு முதல் நாள் மாலை வரை ஸ்கிரைப் தேடித் தெருத்தெருவாக அலைவது யார்? மாணவன்! பார்வையற்ற மாணவருக்கு ஸ்கிரைப் ஏற்பாடு செய்வது கல்வி நிறுவனத்தின் கடமை என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. பல ஆண்டு ஆகிவிட்டது, இன்னும் ஆண்டுக்கொரு தடவை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது மறுபக்கத்தின் வாதத்துக்கு வருகிறேன். "தரம் கெட்டுவிடும்" என்கிறார்கள். தரம் எங்களுக்கும் வேண்டும்! பட்டம் செல்லாக் காசாகிப் போனால் முதலில் அடிபடுகிறவர்கள் நாங்கள்தான். ஆகவே தரத்தைப் பற்றியே பேசுவோம்.

வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நிறம் மாறும் நொடியில் நிறுத்த வேண்டும். பார்வையற்ற மாணவிக்கு இது முடியாது என்று வேதியியல் கதவையே சாத்துகிறார்கள். நான் கேட்கிறேன்: இந்தச் சோதனை எதைப் பரிசோதிக்கிறது? எந்த அமிலத்துக்கு எந்த இண்டிகேட்டர், எப்போது வேகமாக விடுவது, எப்போது சொட்டாக்குவது, அளவிலிருந்து செறிவை எப்படிக் கணக்கிடுவது, பிழை எங்கே வரும் என்பதையா? அல்லது இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்க்கும் கண்ணையா? முன்னதுதான் என்றால், நிறம் மாறியதை ஓர் உதவியாளர் வாயால் சொல்லட்டும். நிறமறியும் கருவி ஓசை எழுப்பட்டும். முடிவெடுப்பவள் அவள். கணக்கிடுபவள் அவள். வைவாவில் அவளை உலுக்கியெடுங்கள், ஒரு கேள்வியையும் குறைக்காதீர்கள்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் விலக்க முடியாது. மொழிபெயர்ப்புப் பட்டம் கேட்பவர் மொழியிலிருந்து விலக்குக் கேட்க முடியாது. எது அந்தப் பட்டத்தின் உயிரோ அதில் கை வைக்காதீர்கள். ஆனால் எது உயிர், எது வெறும் பழக்கம் என்று உட்கார்ந்து யோசித்தீர்களா?

அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதே சண்டை நடந்தது. கற்றல் குறைபாடு உள்ள மாணவர்கள், பட்டத்துக்குக் கட்டாயமான அந்நிய மொழிப் பாடத்துக்குப் பதில் வேறு பாடம் எடுக்க அனுமதி கேட்டார்கள். பல்கலைக்கழகம் மறுத்தது. 1997-இல் நீதிமன்றம் என்ன சொன்னது? ஆசிரியர்கள் கூடி ஆராயாமல் மறுத்தது தவறு, கூடி ஆராயுங்கள் என்றது. பேராசிரியர் குழு கூடியது, விவாதித்தது, மொழிப் பாடம் அவசியம் என்று காரணத்தோடு எழுதியது. 1998-இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மாணவர்கள் அந்தக் கோரிக்கையில் தோற்றார்கள். தோற்ற வழக்கை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு ஐயா, யோசிக்காமல் மறுக்கும் உரிமை கிடையாது என்பதை அந்த வழக்கு நிறுவியது. அதற்காகத்தான்.

அதே வழக்கில் இன்னொரு கூத்து. அந்தப் பல்கலைக்கழகத்தின் உயர் பொறுப்பில் இருந்தவர் ஒரு கூட்டத்தில் சமந்தா என்றொரு மாணவியின் கதையைச் சொன்னார். வகுப்பில் தூங்கிவிடுவாளாம், தூங்கிய நேரத்தில் நடந்த பாடத்தை ஆசிரியர்தான் மறுபடி சொல்லித் தர வேண்டுமாம். சலுகை கேட்பவர்களின் லட்சணத்தைப் பாருங்கள் என்பது அதன் பொருள். பிறகு தெரிந்தது, அப்படியொரு சமந்தாவே கிடையாது, அது அவர் கற்பனை! இங்கேயும் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு சமந்தா உலவுகிறாள். "கொடுத்தால் ஏமாற்றுவார்கள், போலிச் சான்றிதழ் கொண்டுவருவார்கள்." போலி வந்தால் பிடியுங்கள், வழக்குப் போடுங்கள், நாங்களும் கூட வருகிறோம். ஆள்மாறாட்டம் நடக்கிறது என்பதற்காக எல்லோருடைய தேர்வையும் நிறுத்திவிட்டீர்களா?

நம் நாட்டுக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள ஒரு மருத்துவப் பட்டதாரி குடிமைப்பணித் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டார். குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். நீதிமன்றம் சதவீதத்தைப் பார்க்கவில்லை, தேவையைப் பார்த்தது. ஸ்கிரைப் உண்டு என்றது. இந்த உரிமைச் சட்டமோ, தகுந்த வசதியை மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அலுவலகத்தில் உட்கார்ந்து கைவிரிப்பவர்கள் இந்தத் தொகையைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள். ஒன்று, ஒவ்வொரு தாளும் எதைப் பரிசோதிக்கிறது என்று ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவும் ஒரு பக்கம் எழுதட்டும்; அந்தப் பக்கத்தில் இல்லாத எதற்காகவும் ஒரு பிள்ளையை ஃபெயில் ஆக்காதே. இரண்டு, மாற்றம் கேட்டவருக்குச் செமஸ்டர் தொடக்கத்திலேயே முடிவைச் சொல். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு. முடிவெடுக்கும் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரை உட்காரவை. மூன்று, பாடம் தெரிந்த ஸ்கிரைப்புகளின் பட்டியலைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளட்டும், அவர்களுக்குரிய பணத்தையும் அதுவே கொடுக்கட்டும். நான்கு, சிகிச்சைக்குப் போன நாளை வருகைக் கணக்கில் கழிக்காதே.

மாணவத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வராண்டாவில் நின்று வாய்மொழியாகக் கேட்காதீர்கள். வாயால் கேட்டதற்கு வாயாலேயே பதில் வரும், அடுத்த நாள் "யார் சொன்னது?" என்பார்கள். எழுதிக் கொடுங்கள். எந்தத் தாள், என்ன தடை, என்ன மாற்றம் வேண்டும், எந்தப் பிரிவின்படி என்று நாலே வரி. முத்திரை குத்திய நகலைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். பேராசிரியர்களே, அந்த மனுவின் கீழே உங்கள் பரிந்துரையை ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த ஒரு வரிக்கு எந்த விதியும் தடையில்லை.

மனுப் படிவங்கள் மேடைக்கு இடது பக்க மேசையில் இருக்கின்றன. பிரெய்லியிலும் இருக்கின்றன. எழுத முடியாதவர்களுக்கு எழுதித்தர நம் தோழர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வாருங்கள், இன்றே நிரப்புவோம். திங்கட்கிழமை காலை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் திறக்கும்போது நாம் வரிசையில் நிற்க வேண்டும்!