முதல் ஏட்டின் கையெழுத்து



நூலுக்கு அமையும் காணிக்கை இருவகைப்படும். ஒன்று அச்சில் வருவது. ஒரு பதிப்பின் எல்லாப் படிகளிலும் அதே சொற்களில் நிற்பது. மற்றொன்று கையால் எழுதப்படுவது. ஒரே ஒரு படியில், ஒரே ஒருவருக்காக, முதல் ஏட்டின் வெற்றிடத்தில் இடம்பெறுவது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழெரார் ழெனெத், ‘வாயில்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1987இல் வெளியிட்ட நூலில், இவ்விரண்டையும் வெவ்வேறு செயல்களாகப் பிரித்துக் காட்டினார். முன்னது படைப்பைச் சார்ந்தது. பின்னது படியைச் சார்ந்தது. நூலகப் பட்டியல்களோ நெடுங்காலமாகப் பதிப்பையே விவரித்து வந்தன. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியன குறிக்கப்பெற்றன. முதல் ஏட்டில் ஒரு கை எழுதிய நான்கு வரிகளோ, ‘ஆசிரியர் கையொப்பத்துடன்’ என்னும் ஒரு தொடருக்குள் அடங்கின. அல்லது அடியோடு விடுபட்டன.

இக்குறை பெரிதாகப் புலப்படும் இடம் ஓர் அறிஞரின் சொந்த நூலகம். அதற்குச் சான்றாக ழாக் தெரிதாவின் நூலகத்தைக் கொள்ளலாம். 1930இல் அல்ஜீரியாவில் பிறந்து 2004இல் பாரிசில் மறைந்த மெய்யியலாளர் அவர். தமிழ்ச் சிற்றிதழ்களில் அமைப்பியலும் பின்னமைப்பியலும் விவாதிக்கப்பட்ட காலத்தில் அவர் பெயர் தமிழ் வாசகர்க்கும் அறிமுகமாயிற்று. பாரிசுக்குத் தெற்கே ரிஸ் ஒராஞ்சிஸ் என்னும் ஊரில் அவர் வாழ்ந்த இல்லம் நூல்களால் நிறைந்திருந்தது. அந்நூல்களை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகம் பெற்று, 2015இல் அச்செய்தியை அறிவித்தது. நூல்களும் பிறவுமாக ஏறத்தாழ 13,800 உருப்படிகள். பலவற்றின் ஓரங்களில் தெரிதாவின் கோடுகளும் குறிப்புகளும் உள்ளன. பலவற்றின் முதல் ஏடுகளில் பிறர் அவருக்கு எழுதிய அன்புரைகள் உள்ளன.

கையொப்பம், கொடை ஆகிய இரண்டையும் ஆழ்ந்து ஆராய்ந்தவர் தெரிதா. 1971இல் மொன்றியாலில் ஆற்றிய உரையில், கையொப்பத்தின் இரட்டை இயல்பை அவர் எடுத்துக்காட்டினார். கையொப்பம் ஒருமுறை நிகழ்ந்த செயலாகவும் இருக்க வேண்டும். இட்டவர் இல்லாத இடத்திலும் இனங்காணத்தக்க வடிவமாகவும் இருக்க வேண்டும். கொடையைப் பற்றிய அவரது நூல் 1991இல் வந்தது. கொடை, கொடை என்று அறியப்பட்ட நொடியிலேயே கடனாகத் திரிந்து கைம்மாற்றை வேண்டி நிற்கும் என்பது அதன் வாதம். கையொப்பமும் கொடையும் ஒருசேர நிகழும் இடம் நூலின் முதல் ஏடு. அவ்வாறான ஏடுகள் அவர் வீட்டு அடுக்குகளிலேயே சேர்ந்து கிடந்தன.

அவற்றை எவ்வாறு பதிவு செய்வது? 2016 முதல் 2018 வரை, மெலன் அறக்கட்டளையின் நல்கையுடன், அமெரிக்காவின் ஆறு நூலகங்கள் இணைப்புத் தரவு முறையைத் தம் அன்றாடப் பட்டியற் பணிக்குள் கொண்டுவர முயன்றன. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழக நூலகங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அவை. பிரின்ஸ்டன் எடுத்துக்கொண்ட பொருள், தெரிதாவின் படிகளில் உள்ள கையெழுத்துகள்.

இணைப்புத் தரவு என்பது, 2006இல் டிம் பெர்னர்ஸ் லீ வகுத்துரைத்த நெறி. ஒவ்வோர் ஆளுக்கும் நூலுக்கும் இடத்துக்கும் இணையத்தில் நிலையான ஒரு முகவரி தரப்படுகிறது. அம்முகவரிகளைச் சிறு கூற்றுகள் பிணைக்கின்றன. ஒவ்வொரு கூற்றுக்கும் உறுப்பு மூன்று. ‘கம்பர் இராமாவதாரத்தை இயற்றினார்’ என்பதில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என மூன்று அமைவது போன்றதே அது. ஒரு நூலகம் சொன்ன கூற்றும் மற்றொரு நூலகம் சொன்ன கூற்றும் ஒரே முகவரியைச் சுட்டினால், இரண்டும் தாமே இணைந்துவிடும்.

ஆயினும் மூன்று உறுப்புகளுக்குள் கொடை அடங்குவதில்லை. கொடுப்பவர், கொடுக்கப்படும் பொருள், பெறுபவர், கொடுத்தல் என்னும் வினை ஆகிய நான்கும் வேண்டும். நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல், கொடையையே முதலில் வைக்கிறது. ‘கு’ உருபு இல்லாமல் அன்புரை இல்லை. எனவே கொடுத்த நிகழ்வையே தனிப்பொருளாகக் கொண்டு, அதற்கும் ஒரு முகவரி தர வேண்டியதாகிறது. அந்நிகழ்வுக்குக் கொடுத்தவர் இவர், பெற்றவர் இவர், கைமாறிய படி இது, நாள் இது, ஊர் இது எனக் கூற்றுகள் தனித்தனியே இணைக்கப்படுகின்றன. எழுதப்பட்ட வாசகத்தையும், அது அமைந்த ஏட்டின் படத்தையும் பிணைப்பதற்கு, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017இல் பரிந்துரைத்த வலைக்குறிப்பு அமைப்பு துணைசெய்யும்.

இங்கே முதல் இடர் பெயர். அன்புரை எழுதுவோர் பலர் தம் முதற்பெயரை மட்டும் இடுவர்; சிலர் ஓர் எழுத்தை மட்டும் கீறுவர். பெறுபவர்க்கு அது போதும். ஐம்பதாண்டு கழிந்து காண்பவர்க்குப் போதாது. தமிழில் இவ்விடர் இன்னும் மிகுதி. சொ. விருத்தாசலம் என்ற கையொப்பமும் புதுமைப்பித்தன் என்ற கையொப்பமும் ஒருவரையே குறிக்கும். வேதாசலம் என்று எழுதியவரே பின்னாளில் மறைமலையடிகள் ஆனார். ஒருவரின் எல்லாப் பெயர்களையும் ஒரே முகவரியின் கீழ்க் கொணர்வது, இணைப்புத் தரவு செய்யும் நற்பணிகளுள் தலையாயது.

இரண்டாம் இடர், உறவைப் பற்றிய அவசர முடிவு. பிரான்சில் மதிப்புரைக்காக அனுப்பும் படிகளிலும் ஆசிரியர்கள் அன்புரை எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் உண்டு. ஆகவே, அன்புரை இருப்பதால் நட்பு இருந்தது என்று கொள்ள இயலாது. பெற்றவர் அந்நூலைப் படித்தார் என்றும் கொள்ள இயலாது. ‘இன்னார் இன்னாரின் நண்பர்’ என்று ஒரு பட்டியலாளர் எழுதிவிட்டால், இணைப்பின் வழியே அக்கூற்று நூறு இடங்களுக்குப் பரவும். பிழையும் அதே விரைவில் பரவும். ஏட்டில் உள்ளதை உள்ளவாறே பெயர்த்தெழுதி, ஊகத்தை ஊகமென்றே குறித்து, அதைச் சொன்னவர் யார் என்பதையும் கூற்றோடு சேர்ப்பதே அறம்.

உள்ளவாறே எழுத வேண்டுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரே வினையைச் சுட்டினாலும், கேட்பவர் தாழ்ந்தோராயின் ஒன்று, ஒத்தோராயின் ஒன்று, உயர்ந்தோராயின் ஒன்று எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. கொடைச் சொல்லிலேயே ஆளின் நிலை அடங்கியுள்ளது. ‘வணக்கத்துடன்’ என எழுதிய மாணவர், பத்தாண்டு கழித்து ‘தோழமையுடன்’ என எழுதினால், அவ்விரு சொற்களுக்கிடையே ஒரு வரலாறு நிகழ்ந்திருக்கிறது. ‘கையொப்பத்துடன்’ என்ற பொதுத்தொடர் அவ்வரலாற்றை விழுங்கிவிடும்.

பயன் யாது? தனித்தனியே கிடந்தால் ஒவ்வோர் அன்புரையும் ஒரு மரியாதை மட்டுமே. ஆண்டும் ஊரும் பெயரும் கொண்டு இணைக்கப்பட்டால், யாரெல்லாம் ஒரே காலத்தில் தம் நூலை ஒருவரிடம் சேர்ப்பித்தனர், யார் இடையில் நின்றுபோயினர், எந்த மொழியினர் புதிதாய் வந்தனர் என்பன தெரியவரும். ஒரு சிந்தனை தனிமையில் பிறக்கவில்லை என்பதற்கு அதுவே கண்கூடான சான்று. இழப்பும் உண்டு. ஒருவர்க்கென எழுதப்பட்டது எல்லோர்க்கும் உரியதாகிறது. எழுதியவர் உயிரோடிருக்கையில், அவர் அந்தரங்கமாக எழுதியதைப் பொதுவில் வைக்கலாமா என்ற வினா ஒவ்வோர் ஏட்டிலும் எழத்தான் செய்யும். அதற்கு எந்திரம் விடை தராது.

தமிழ்நாட்டிலும் தனியார் நூலகங்கள் பொதுவுடைமையாகியுள்ளன. மறைமலையடிகள் சேர்த்த நூல்கள் 1958இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாயின. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பின், அவர் திரட்டியவை 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றன. இவ்வாறு காப்பாற்றப்படாத நூலகங்களின் கதி வேறு. உரியவர் மறைந்ததும் நூல்கள் எடைக்குப் போகின்றன; பழைய புத்தகக் கடையில் விற்குமுன் பெயர் எழுதிய ஏடு கிழிக்கப்படுவதும் உண்டு. நூல் எஞ்சும், அது யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்குப் போயிற்று என்பது எஞ்சாது.

ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுகளுள் அதன் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் அளித்த நூல்கள் பல. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறாத வட்டத்தின் வரலாறு அந்நூல்களின் முதல் ஏடுகளில் இருக்கிறது. அதைக் காக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. நூல் அளிப்போர் பெறுபவரின் முழுப்பெயரையும், தம் முழுப்பெயரையும், நாளையும் ஊரையும் எழுதுவாராக. நூல் பெறுவோர் அவ்வேட்டைப் பேணுவாராக. நூலகத்தை ஒப்படைக்கும் குடும்பத்தார், நூல்களைப் பிரிப்பதற்குமுன் முதல் ஏடுகளைப் படமெடுத்து வைப்பாராக. முகவரி தந்து இணைக்கும் பணியைப் பின்வரும் நூலகர் செய்துகொள்வர். அவர்க்கு வேண்டியது ஒன்றே: கிழியாத ஓர் ஏடும், அதில் படிக்கத்தக்க ஒரு பெயரும்.