828 என்ற எண்

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. இன்னைக்குக் கவிதை இல்லை, கணக்குதான்.

1921 கணக்கெடுப்பில் பம்பாய் நகரத்தின் மக்கள்தொகை 11,75,914. மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பைகுல்லா, பரேல் பக்கத்து மில் தொழிலாளர் சால்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பதிவான ஆயிரம் பிறப்புக்கு 660க்கு மேற்பட்ட கைக்குழந்தைகள் செத்தன. ஒற்றை அறை வீடுகளில் மட்டும் எடுத்தால் 828.

இந்த 828ஐ மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்கலாம். நானும் வாங்கியிருக்கிறேன். அப்புறம்தான் குமாஸ்தா புத்தி வேலை செய்தது. இப்படிச் செத்தால் மிஞ்சினது யாரு? கணக்கு எங்கேயோ இடிக்குதே.

இடிக்கத்தான் செய்தது. சால்களில் இருந்த பெண்கள் பலர் பிரசவத்துக்குக் கொங்கணத்துக்கும் மற்ற சொந்த ஊர்களுக்கும் போனார்கள். பிறப்பு அந்த ஊர்க் கணக்கில். பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். சாவு நகரத்துக் கணக்கில். வரவு ஒரு கிளையில், பற்று இன்னொரு கிளையில். எப்படி டேலி ஆகும்? உதாரணத்துக்கு, ஆயிரம் குழந்தைகளில் நானூறு ஊரில் பிறந்தால் நகரப் பதிவேட்டில் அறுநூறுதான் இருக்கும். எல்லாரும் நகரத்துக்கு வந்தபின் முந்நூறு செத்தால், விகிதம் 300 இல்லை, 500 என்று காட்டும்.

உடனே ஒருத்தர் எழுந்து, "பாத்தீங்களா, மிகைப்படுத்துன கணக்கு" என்பார். அங்கேதான் நாம் விடாமல் நிற்கணும். அவள் ஏன் ஊருக்குப் போனாள்? நெருக்கியடித்த ஒரே அறையில் பிள்ளை பெற்றுப் படுக்க இடமில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை. கணக்கில் விழுந்த பிழையும் அவள் பட்ட பாட்டுக்குச் சாட்சிதான்.

அதே பரேலின் சால் ஒன்றில்தான் அண்ணல் அம்பேத்கர் 1934 வரை குடியிருந்தார். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் சின்ன வயதிலேயே இறந்தார்கள். கடைசிப் பிள்ளை ராஜரத்னா இறந்தது 1926இல். 1928இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கணும் என்றார். 1929இல் சட்டம் வந்தது. ஆலைப் பெண்களுக்கு நாளொன்றுக்கு எட்டணா. 1938இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்துக்குப் பின்னால் நின்றார். அது தோற்றது.

எனக்கு மூத்தவ ஒருத்தி பொறந்து பதினோரு நாள்ல செத்துப்போனா. பிறப்பும் பதியலை, சாவும் பதியலை. பம்பாய்க் கணக்கில் கூடிப்போச்சு. எங்க தெருக் கணக்கில் குறைஞ்சுபோச்சு.

நாளைக்கு நீங்க சேரிகளில் கணக்கெடுக்கப் போவீங்க. எத்தனை செத்தது என்று மட்டும் கேட்காதீங்க. எங்கே பொறந்தது, எங்கே பதிஞ்சாங்க, பதியலைன்னா ஏன் பதியலை, அதையும் எழுதிக்கிட்டு வாங்க.