கூட்டத்தின் ஒரு பகுதி

(சென்னையில், விழாக்களையும் பொதுக்கூட்டங்களையும் படமெடுக்கும் இளந்தோழர்களிடையே ஆற்றிய உரை)



வாளேந்திய வீரர்களை நாடகமாக்கியவன், இன்று படக்கருவி ஏந்திய வீரர்களிடம் பேச வந்திருக்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். கலைக்கு இலக்கணம் வகுக்க வரவில்லை. நெஞ்சிலே நெடுநாளாய்க் கிடக்கும் குறையொன்றை எடுத்துரைக்க வந்தேன்.

என் தந்தை துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர். கடற்கரையிலே கூட்டமென்றால், வேலை முடிந்த களைப்போடு கால்நடையாகவே போய் மணலிலே அமர்வார். அவர் மறைந்தபின், சுவரிலே மாட்ட ஒரு படம் தேடினோம். இல்லை! அன்னையார் பெட்டியைத் திறந்து, மஞ்சளேறிய பத்திரிகை ஒன்றை எடுத்து வந்தார். மேடையிலே மாலைகள், மலர்ந்த முகங்கள். கீழே தலைகள், தலைகள், தலைகள்! அவற்றுள் ஒரு புள்ளியைத் தொட்டு, "இதோ, உங்கப்பா" என்றார். படத்தின் அடியிலே அச்சிட்டிருந்தது: 'கூட்டத்தின் ஒரு பகுதி'.

ஒரு பகுதி! அந்தப் புள்ளிதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு. அந்தப் புள்ளிதான் எங்களுக்குக் கூரை!

தோழர்களே, இந்தக் குறை நேற்று முளைத்ததன்று. 1856ஆம் ஆண்டிலே சென்னை அரசாங்கம், டிரைப் என்ற படை அதிகாரியைப் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1858இல் அவர் மதுரை, தஞ்சைக் கோயில்களை எழிலுறப் படமாக்கினார். கோபுரம் பதிந்தது, தூண் பதிந்தது. மக்கள்? ஒளி பதிய நெடுநேரம் பிடித்த காலம் அது. அசையாத கல் நிலைத்தது, நடமாடிய மனிதன் மறைந்தான்.

பிறகு, 1876 முதல் 1878 வரை கொடும்பஞ்சம். ஹூப்பர் என்ற படை அதிகாரியின் கருவி மக்கள் பக்கம் திரும்பியது. எப்போது? எலும்பும் தோலுமாய் அவர்கள் ஒடுங்கிய போது! அவர்களை வரிசையாக அமர வைத்துப் படமெடுத்தார். படமெடுத்தவர் பெயர் இன்றும் வரலாற்றிலே இருக்கிறது. பட்டினி கிடந்தவன் பெயர் எங்கே?

அன்று கருவி அவர்கள் கையில். இன்று நம் கையில்! 2017 சனவரியிலே மெரீனாவில் இளைஞர் கூடிய போது, விளக்குகள் அணைந்த இரவில் கைப்பேசிகளே விளக்குகளாயின. கடற்கரை முழுதும் ஒளிப்புள்ளிகள்! கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்த விளக்கை ஏந்திய பெண்ணின் முகம்? அவளுக்குத் தண்ணீர் கொடுத்த முதியவரின் முகம்? அவற்றையும் தேடி எடுப்பதல்லவா உங்கள் கடமை!

பங்குனியிலே மயிலையில் தேரோடும், போங்கள். தேர் எனக்குக் கும்பிடத்தக்கதா என்பது வேறு வழக்கு. வடம் பிடித்துச் சிவந்த கைகள் வணங்கத்தக்கவை. அவற்றை எடுங்கள். செப்டம்பரிலே பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்தே வருவோரின் புழுதி படிந்த பாதங்களை எடுங்கள். நோன்புக் கஞ்சி கிண்டும் கிழவரை, ஏப்ரல் 14இல் அம்பேத்கர் படத்துக்கு மாலை கட்டும் மங்கையை, பந்தற்கால் நடுபவரை, ஒலிபெருக்கி கட்டுபவரை எடுங்கள். எல்லோரும் கலைந்தபின், மறுநாள் விடியலிலே குப்பை கூட்டும் தாயை மறவாதீர்!

மெரீனாவிலே மாலை வெயில் ஊர்ப் பக்கமிருந்து வரும். சாலையை நோக்கி நிற்பவர் முகத்திலே அது பொன் பூசும். அந்த நேரத்தைத் தவற விடாதீர்கள்.

ஆனால், எச்சரிக்கை ஒன்று உண்டு. முகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட நாமே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது. போராட்டக் களத்திலே எடுத்த படம், நாளை வழக்குக் கட்டிலே சான்றாகச் சேரலாம், வேலையைப் பறிக்கலாம். ஆகவே கேளுங்கள். "எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள், "வெளியிடட்டுமா?" என்று மீண்டும் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் வணங்கி விலகுங்கள். பிள்ளையை எடுக்குமுன் பெற்றவளைக் கேளுங்கள். கண்ணீர் வடிப்பவர் முன்னே கருவியைத் தாழ்த்துங்கள்.

இசைந்தவரின் பெயரை எழுதுங்கள். ஊர், தெரு, நாள் குறியுங்கள். ஒரு படியை அச்சிட்டு அவர் வீட்டிலே கொண்டுபோய்க் கொடுங்கள். கைப்பேசி உடைந்தால் படமும் போகும். சுவரிலே மாட்டியது பேரனுக்கும் பேசும்.

மெரீனாவிலே உழைப்பாளர் சிலை நிற்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. 1959 முதல் அந்த நால்வரும் பாறையை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். உழைப்பவன் உருவத்தைச் சிற்பி நிறுத்திவிட்டான். உழைப்பவனின் பெயரை நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

இதோ, நான் பேசத் தொடங்கியது முதல் உங்கள் கருவிகள் அத்தனையும் என்னையே குறிபார்க்கின்றன. போதும் தோழர்களே! மேடைக்கு முதுகைக் காட்டுங்கள். கோபமில்லை எனக்கு. திரும்புங்கள், பின்வரிசையிலே, மூட்டை இறக்கிய களைப்போடு ஒருவர் அமர்ந்திருப்பார். அவரிடம் பெயர் கேளுங்கள்.