உடையவன் சிறை சென்றபின் உயிருக்கு எது புகலிடம்?

(திருச்சிராப்பள்ளி, சத்திரம் பேருந்து நிலையம் அருகே நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமான் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். 

ஜீவதயை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அப்பெருந்தலைப்பில் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதைகளில் கொடியவன் ஒருவன் வருவான். அவனுடன் ஒரு விலங்கோ பறவையோ இருக்கும். இறுதியில் அவன் பிடிபடுவான்; கைவிலங்கு பூட்டுவார்கள்; கதை முடிந்துவிடும். அவன் வளர்த்த உயிருக்கு மறுநாள் காலையில் யார் தண்ணீர் வைப்பார்கள்? இதுவே என் வினா.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக எழுதிய 'ஆலிவர் டுவிஸ்ட்' என்னும் புதினத்தில் பில் சைக்ஸ் என்றொரு கொள்ளையன் உண்டு. அவனிடம் ஒரு நாய் இருந்தது. அடியும் உதையும் பட்டாலும் அவனை விட்டு நீங்காத நாய் அது. ஊரார் சூழ்ந்துகொள்ள, தப்பிக்க முயன்ற சைக்ஸ் தன் கயிற்றிலேயே சுருக்குண்டு மாண்டான். அவன் தோளை நோக்கிப் பாய்ந்த நாயும் தவறி விழுந்து தலை சிதறி இறந்தது. 1963இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு திரைப்படத்தில் முகம் காட்டாத வில்லன் ஒருவன் வெள்ளைப் பூனையைத் தடவிக்கொண்டே கொலைக்கு ஆணையிடுகிறான். அவனது குளிர்ந்த நெஞ்சைக் காட்ட அப்பூனை ஒரு கருவி. கருவியின் வேலை முடிந்தால் அதை யார் நினைப்பார்கள்?

நம் முன்னோர் இயற்றிய காவியங்கள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன என்று பார்ப்போம்.

பல ஆண்டுகளுக்கு முன் மேல்நிலை வகுப்பில் தோலாமொழித்தேவரின் சூளாமணிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வித்தியாதர மன்னன் அச்சுவகண்டன் திறை கேட்கிறான், திவிட்டன் மறுக்கிறான். அச்சுவகண்டன் பக்கத்து அரிகேது மாயச் சிங்கமாக உருமாறி வருகிறான். திவிட்டன் விரட்ட, மாயச் சிங்கம் ஒரு குகைக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. குகையில் உறங்கிக் கிடந்ததோ உண்மைச் சிங்கம். அதன் வாயைப் பிளந்து கொல்கிறான் திவிட்டன். வகுப்பு கைதட்டியது. கடைசி வரிசை மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "அந்தச் சிங்கம் என்ன தப்புப் பண்ணுச்சு, ஐயா?" என்று கேட்டான்.

அதற்கான விடை நம் புராண மரபில் இருக்கிறது. திவிட்டன் எனப்படும் திரிபிருஷ்டன், வர்த்தமான மகாவீரரின் முற்பிறவிகளுள் ஒருவன். வாகை சூடிய அவ்வீரன் தன் வினைப்பயனால் நரகம் புகுந்தான். பின்னர்த் தானே சிங்கமாகப் பிறந்தான். அச்சிங்கத்துக்குச் சாரண முனிவர் இருவர் அறம் உரைத்தனர். கேட்ட விலங்கு ஊனை விலக்கி நோன்பு நோற்று உயர்ந்தது. அதே உயிர்தான் பல பிறவிகளுக்குப் பின் இருபத்து நான்காம் தீர்த்தங்கரராய் எழுந்தருளியது. அப்பெருமானுக்கு இலாஞ்சனமும் சிங்கமே. குகையில் மாண்ட சிங்கத்தை நம் மரபு மறக்கவில்லை. அதைக் கொன்றவனையே அதன் உடலுக்குள் இருத்தி, அவ்வுயிரின் வலியை அறியச் செய்தது.

யசோதர காவியம் இன்னும் நெருங்கி வருகிறது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட தீவினையால் யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து, இறுதியில் சேவலும் பெட்டையுமாகப் பிறக்கின்றனர். அரசனின் காவலன் ஒருவனுடைய கூண்டில் அவை வளர்கின்றன. முனிவர் அவனுக்கு அறம் உரைக்கும்போது கூண்டிலிருந்த பறவைகளும் கேட்டன; விரதம் ஏற்றன; மகிழ்ந்து கூவின. கூவிய ஒலியைக் குறிவைத்து அரசன் அம்பெய்ய, இரண்டும் மாண்டு மனிதப் பிறவி எய்தின. வளர்ப்பவன் யாராயினும் கூண்டிலுள்ள உயிர் தனி உயிர். அதன் வினை வேறு, அதன் விடுதலை வேறு என்பதே காவியத்தின் துணிபு.

சீவக சிந்தாமணியில் கட்டியங்காரனின் யானை அசனிவேகம் மதங்கொண்டு ஓடுகிறது. சீவகன் அதைக் கொல்லாமல் அடக்கிக் குணமாலையைக் காக்கிறான். யானை அடங்கியது; அதன் உடையவன் சினம் அடங்கவில்லை. சீவகனைப் பிடித்துவர ஆள் விடுத்தான். அவ்விடரிலிருந்து சீவகனை மீட்டவன் சுதஞ்சணன் என்னும் தேவன். அவன் முற்பிறவியில் அடிபட்டு உயிர்விட்ட நாய். சாகும் வேளையில் அதன் செவியில் மந்திரம் ஓதியவன் சீவகன். ஆதரவற்ற நாய்க்குச் செய்த சிறு உதவி இடர்க்காலத்தில் துணையாகத் திரும்பி வந்தது.

அன்பர்களே, காவியத்தை விட்டு நாட்டு நடப்புக்கு வருவோம்.

குற்றவாளியிடம் கைப்பற்றப்படும் விலங்கைச் சட்டத்தின் மொழி 'வழக்குச் சொத்து' என்கிறது. கத்தி, பணம், வண்டி, சேவல், எல்லாம் ஒரே பட்டியல். கத்திக்குப் பசிக்காது, சேவலுக்குப் பசிக்கும். பொங்கலையொட்டிச் சேவற்சண்டை நடத்தியவர்கள் கைதாவதையும், பிடிபட்ட சேவல்கள் பின்னர் நீதிமன்ற வளாகத்தில் ஏலம் விடப்படுவதையும் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஏலத்தில் போட்டியிட்டு விலையேற்றுபவர் யார்? குழம்புக்கு வாங்குபவர் சண்டைச் சேவலுக்கு அத்தனை விலை தரமாட்டார். காலில் கத்தி கட்ட விரும்புவோரே தருவர். வழக்கு முடிகிறது; சேவல் மீண்டும் களத்துக்குப் போகிறது.

நம் ஊர் நிகழ்ச்சி ஒன்று. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு வந்த பயணி ஒருவரின் பெட்டியைச் சுங்கத்துறையினர் திறந்தபோது 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. பயணி பிடிபட்டார். பாம்புகளை என்ன செய்வது? அயல்நாட்டு உயிரினத்தை நம் காட்டில் விட்டால் இங்குள்ள உயிர்களுக்குக் கேடு. அவற்றை மலேசியாவுக்கே திருப்பி அனுப்ப நடவடிக்கை எடுத்தார்கள். துணிப்பெட்டிக்குள் அடைபட்டு வந்த உயிர்களுக்குத் திரும்பவும் ஒரு வான்பயணம்.

எல்லா உடையவரும் வில்லன் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மக்களவைத் தேர்தல் வேளையில் கடலூர்ப் பகுதியில் வேட்பாளருக்குக் கிளி சோதிடம் பார்த்த ஒருவரை வனத்துறை பிடித்தது, கிளிகள் கைப்பற்றப்பட்டன. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும் அவர் வயிறு அந்தக் கிளியை நம்பியிருந்தது. சிறகு வெட்டிப் பல்லாண்டு கூண்டில் வைத்த கிளியை உடனே பறக்கவிட்டால் அது பருந்துக்கோ பூனைக்கோ இரையாகும். அதற்கு இறகு முளைக்க நாளும் இடமும் வேண்டும். அவருக்கு வேறு பிழைப்பு வேண்டும். இரண்டுமே கருணைக்கு உரியவை.

இனி, புகலிடம் பற்றி. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் விளைவு. அச்சட்டத்தின் 35ஆம் பிரிவு, வழக்கில் சிக்கிய விலங்கைப் பிஞ்ஜராபோலுக்கு அனுப்பலாம் என்று கூறுகிறது. நாடாளுமன்றச் சட்டத்தில் பிஞ்ஜராபோல் என்ற சொல்லே நிற்கிறது! குஜராத்திலும் இராஜஸ்தானிலும் பெரும்பாலும் சமண வணிகர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேணிவந்த விலங்குக் காப்பிடங்களின் பெயர் அது. நம் சமயம் இந்நாட்டுச் சட்டத்துக்கு ஈந்த சொல் என்று நாம் பெருமை கொள்ளலாம்.

2017இல் வந்த விதிகள், வழக்கு நடக்கும் காலத்தில் விலங்கைப் பராமரிக்கும் செலவை உடையவரே ஏற்க வேண்டும் என்றன. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே கால்நடையைப் பறித்தால் அதை நம்பி வாழ்வோர் என் செய்வார் என்று அவ்விதிகள் குறித்து வினவியது. இரு பக்கமும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 2007இல் நாய்ச்சண்டை நடத்தியதற்காகத் தண்டனை பெற்ற கால்பந்து வீரர் மைக்கேல் விக், கைப்பற்றப்பட்ட நாய்களின் பராமரிப்புக்காக 9 இலட்சம் டாலருக்கு மேல் செலுத்த ஆணையிடப்பட்டார். சண்டை நாய் திருந்தாது, கொன்றுவிடலாம் என்று அங்கும் பலர் கூறினர். ஆனால் அந்நாய்களுள் பெரும்பாலானவை பயிற்சி பெற்றுக் குடும்பங்களுக்கும் காப்பிடங்களுக்கும் சென்றன.

கவனிக்காமல் விட்டாலோ? கொலம்பியாவின் போதைப்பொருள் தலைவன் பாப்லோ எஸ்கோபார் தன் பண்ணையில் நான்கு நீர்யானைகளை வளர்த்தான். 1993இல் அவன் கொல்லப்பட்டபின் அவை அங்கேயே விடப்பட்டன. இன்று அவற்றின் வழித்தோன்றல்கள் நூற்றுக்கு மேல். ஆறுகளுக்கும் மீனவர்களுக்கும் இடர் என்று கருதி அரசு சிலவற்றுக்குக் கருத்தடை செய்கிறது. சிலவற்றைக் கொல்வது பற்றியும் பேசுகிறது. அன்று நான்கு உயிர்களுக்கு இடம் தேடாததன் கடனை இன்று நூறு உயிர்கள் செலுத்துகின்றன.

நாம் அமர்ந்திருக்கும் இவ்விடத்திலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து சென்னை நெடுஞ்சாலையில் சென்றால் எம்.ஆர். பாளையம் காப்புக்காடு வரும். அங்கே 2019 முதல் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. தனியார் வசமிருந்து மீட்கப்பட்ட யானைகள் அங்கே சங்கிலிச் சுமை குறைந்து வாழ்கின்றன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ பசுந்தீவனம் வேண்டும். பரிவு ஒரு நாளில் பிறந்துவிடும். தீவனம் ஒவ்வொரு நாளும் வர வேண்டும்.

இங்கே நமக்கென்று ஒரு நெருடல் இருக்கிறது. அதை மறைக்காமல் பேசுவதே முறை. பசுவையும் கிளியையும் நாம் காப்போம். மலைப்பாம்புக்கு இரை யார் தருவது? நாய்க்கு, பருந்துக்கு? தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லால் மந்திர் வளாகத்தில் நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனை இதற்கு ஒரு வழி கண்டது. தானியம் உண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைத்து மருத்துவம் செய்கிறார்கள். ஊன் உண்ணும் பறவைகளுக்குப் புறநோயாளியாக மருந்திட்டு அனுப்பிவிடுகிறார்கள். உயிரை வெறுக்காமலும் விரதத்தைக் கைவிடாமலும் தம் ஆற்றலின் எல்லையை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். நம்மால் இரையிட முடியாத உயிரை அரசும் வனத்துறையும் காக்கட்டும். ஆனால் அவ்வுயிரை விலைக்கு வாங்கிப் பெட்டியில் அடைக்கும் ஆசையை நம் வீட்டில் தடுப்பது நம் கையில் இருக்கிறது. வாங்குவோர் இல்லையேல் கடத்துவோரும் இலர்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பிள்ளைகள் அழகுக்காக அயல்நாட்டுப் பல்லியோ ஆமையோ கேட்டால் மறுத்து, காரணத்தை விளக்குங்கள். ஜீவதயைக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி, வழக்கில் சிக்கிய விலங்குகளை ஏற்கும் காப்பிடங்களின் தீவனத்துக்கும் மருந்துக்கும் சேரட்டும். பண்டிகை நாளில் ஒருமுறை தருவதைவிட மாதந்தோறும் சிறிதளவு தருவது பயன் மிகுதி. மூன்றாவது, உங்கள் தெருவில் ஒருவரைக் காவல்துறை அழைத்துச் சென்றால் அவர் குற்றவாளியா என்று நீதிமன்றம் ஆராயட்டும். அவர் வீட்டுத் தொழுவத்தில் கட்டிய மாடு மறுநாள் வரை காத்திருக்காது. தண்ணீர் வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

சத்திரம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பேருந்து நடத்துநர் வாயிலாகக் கேட்கிறோம். வழிப்போக்கனின் ஊரும் பேரும் கேளாமல் ஓரிரவு இடமளித்த அறத்தின் பெயர் அது. கூண்டோடு கைப்பற்றப்பட்ட உயிரும் வழிப்போக்கனே. அது யாருடையது என்ற வினாவுக்கு முன்னே, அதற்குப் பசிக்கிறதா என்று கேட்பதே மகாவீரர் வழி.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. அறம் ஓங்குக.