இயந்திரப் பொறியியலுக்கு வாசல் எங்கே?

உறைந்த ரப்பர்ப் பாலை உருளையில் கொடுத்து ஷீட்டாக்குவதைத் தோட்டத்துப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த உருளை எவ்வளவு விசையில், எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்று கணக்கிடுவதும் இயந்திரப் பொறியியல்தான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அதனைக் கெடா எல்லைக்கு அருகே, நிபோங் திபாலில் கற்பிக்கிறது; அதன் பொறியியல் வளாகம் 2001-இல் பேராக்கிலிருந்து அங்கு வந்தது. படிப்பு நான்காண்டு.

ஆனால் வாசல் நான்காம் படிவத்திலேயே இருக்கிறது. “கூடுதல் கணிதம் கஷ்டமாயிருக்கு, விட்டுடட்டுமா அப்பா?” என்று பிள்ளை கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள். அதுவும் பௌதிகமும் இல்லாமல் எஸ்.டி.பி.எம். வழியாகவோ மெட்ரிகுலேஷன் வழியாகவோ இப்படிப்புக்குப் போவது மிகக் கடினம்.

புள்ளிகள் குறைந்துவிட்டனவா? ஜித்ரா பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா உண்டு. அதில் நன்றாகத் தேறினால் அங்கிருந்தும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பாடம் தேர்ந்தெடுக்கும் முன் பள்ளிக்கூட ஆலோசக ஆசிரியரை நேரில் பாருங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும்.