ஆவடிக்கு வந்த கடல்

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போகிறவருக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை மெரினா, அவ்வளவுதான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆவடி வரை ஊரையே வெள்ளக்காடாக்கிவிட்டதே!

இப்படிப்பட்ட புயலுக்குத் தீனி போடுவதில் நீரோட்டத்துக்கும் பங்குண்டு. நம் கரையோர நீரோட்டம் மாசி, பங்குனியில் வடக்கே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு திரும்பித் தெற்கே ஓடும். வரும்போது கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீரையும் இழுத்து வரும். உப்பு குறைந்த நீர் லேசானது அல்லவா, மேலேயே நிற்கும். அடியிலுள்ள குளிர்நீரை எளிதில் மேலே விடாது. அதனால் மேல்நீர் சூடாகவே இருக்கும். புயலுக்கு அந்த வெப்பம்தான் தீனி. பூமியில் கூடும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது, தீனிக்குப் பஞ்சமில்லை.

இந்த வங்கக் கடலைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மிதவைகள் விட்டு அளந்து வருகிறது.